அந்தப் படகுக்காரப் பெண் என்ன ஆனாள்?

இன்று 2023ஆம் ஆண்டின் ஆடிப் பதினெட்டு. வீரநாராயண ஏரிக் கரையோரமாக ஒரு வாலிபன் குதிரையில் வருவதோடு கல்கியின் 'பொன்னியின் செல்வன்' தொடங்குவது இந்த நாளில்தான் என்பதால், அந்த நாவலை நேசிக்கும் பலரும் ஆண்டுதோறும் இன்று அதை நினைத்துக்கொள்கிறார்கள். திரைப்படத்தின் இரண்டாம் பாகம் வெளியாகி மூன்று மாதங்கள் ஆகின்றன. முதல் பாகத்தின்போது அரங்கில் என் காதில் விழுந்த ஒரு பேச்சு இன்னும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் பாகம் 2022 செப்டம்பர் 30 அன்று வெளியானது. அடுத்த வாரம், ஆயுத பூஜை விடுமுறையில், ராயபுரத்தில் ஓர் அரங்குக்கு நாங்கள் நால்வர் போனோம். நான், எழுபது வயதைக் கடந்த என் அம்மா, கல்லூரியில் படிக்கும் என் தம்பி மகன், எங்கள் தெருவில் பல ஆண்டுகளாக மீன் விற்கும் அக்கா. அது புரட்டாசி மாதம். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவில் பாதிப் பேர் புரட்டாசியில் கவுச்சியைத் தொடமாட்டார்கள் என்பதால், காசிமேட்டில் ஏலம் எடுத்துக் கூடையில் கொண்டுவந்து விற்பவர்களுக்கு வியாபாரம் மந்தமாகவே இருக்கும். "நீங்க போனா நானும் வர்றேன் டீச்சரம்மா" என்று அக்காவே கேட்டு எங்களோடு வந்தார்.

அக்கா நாவலைப் படித்தவர் அல்லர். படம் தொடங்கிச் சிறிது நேரத்துக்குள் சுந்தர சோழர், ஆதித்த கரிகாலன், பெரிய பழுவேட்டரையர், சின்னப் பழுவேட்டரையர், மதுராந்தகன், கண்டராதித்தர் என்று பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழ, அவர் அம்மாவின் பக்கம் சாய்ந்து, மெல்லிய குரலில், "இது யாரு டீச்சரம்மா? அவுருக்குத் தம்பியா?" என்று கேட்டார். அம்மாவும் அதே குரலில் பதில் சொன்னார். நான்காம் முறையோ ஐந்தாம் முறையோ கேட்டபோது பின்வரிசையிலிருந்து ஓர் ஆண் குரல் வந்தது: "கதையே தெரியாதவங்க எல்லாம் எதுக்கு வர்றீங்க? படிச்சிட்டு வந்து பாருங்க." அக்கா முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டார். அதன்பின் படம் முடியும்வரை அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இடைவேளையில் அம்மா, "புரியுதாடி?" என்றபோது, "புரியுது, புரியுது" என்று அவசரமாகத் தலையாட்டினார். அவருக்குப் புரியவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

அரங்கில் பேசுவது பிறருக்கு இடைஞ்சல் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மனிதரின் கோபம் சத்தத்தைப் பற்றியது அல்ல. அவருக்குப் பக்கத்தில் இருந்த நண்பர்கள், "இப்ப ஆழ்வார்க்கடியான் வருவான் பாரு" என்று அடுத்து நடக்கப்போவதை எல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். தெரிந்தவர் பேசினால் அது ரசனை, தெரியாதவர் கேட்டால் அது தொல்லை என்ற எண்ணமே அங்கு இருந்தது. நாவலை நேசிக்கும் ஒருவருக்கு இந்த எண்ணம் எப்படி வந்தது என்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. ஏனென்றால் கல்கி எழுதிய முறைக்கே அது எதிரானது.

ஏரிக்கரையோரமாகக் குதிரையில் வரும் அந்த வாலிபன், வந்தியத்தேவன், யார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காஞ்சியிலிருந்து ஓலையோடு வருகிற அவன் சோழ நாட்டுக்குப் புதியவன். ஏரிக்கரையில் பல்லக்கும் பரிவாரமுமாகப் போகிறவர் யார் என்று அவனுக்குத் தெரியாது. பல்லக்கின் திரைக்குள் இருப்பது யார் என்றும் தெரியாது. கடம்பூர் மாளிகையில் ஒளிந்திருந்து கேட்கிறான், குடந்தை சோதிடரிடம் கேட்கிறான், வைணவ ஒற்றன் ஆழ்வார்க்கடியானிடம் வாதாடிக்கொண்டே கேட்கிறான், தஞ்சைக்குப் போய்ச் சேந்தன் அமுதனிடம் கேட்கிறான். அவன் ஒவ்வொருவரையும் தெரிந்துகொள்ளும் வேகத்தில்தான் வாசகரும் தெரிந்துகொள்கிறார். 1950 அக்டோபரிலிருந்து மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் வாரம்தோறும் பத்திரிகையில் வந்த தொடர் அது. சென்ற வாரம் வாங்கத் தவறியவர், பாதியில் புதிதாகச் சேர்ந்துகொண்டவர், அடுத்த வீட்டுக்காரர் படித்துச் சொல்ல வாய்வழியாகக் கேட்டவர் என்று எல்லோரும் கூடவே வரவேண்டும் என்பதற்காக, நடந்ததைத் திரும்ப நினைவூட்டியும், தெரியாதவனைக் கதைக்குள் நடக்கவிட்டும் எழுதினார் கல்கி. "இது யாரு?" என்று கேட்ட எங்கள் அக்கா, வந்தியத்தேவன் நின்ற இடத்தில்தான் நின்றார்.

குறை சொல்வதானால் படத்தைத்தான் சொல்லவேண்டும். இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேல் விரியும் கதையை இரண்டு பாகமும் சேர்த்து ஐந்தரை மணி நேரத்துக்குள் அடக்கியாக வேண்டிய நெருக்கடியில், அறிமுகங்களுக்கான அவகாசம் போய்விட்டது. போர்க்களத்திலிருந்து தொடங்கியதால் ஏரிக்கரையின் நிதானமும் போய்விட்டது. உருவத்தில் ஒன்றுபோலிருக்கும் நந்தினியையும் ஊமை ராணியையும் ஒரே நடிகை ஏற்றிருப்பதன் பொருத்தம் படித்தவருக்கு உடனே விளங்கும், படிக்காதவருக்கு அது குழப்பமாகவே இருக்கும். இவ்வளவுக்கும் பிறகு எனக்கு முதல் பாகம் பிடித்திருந்தது. நந்தினியும் சோழ இளவரசி குந்தவையும் நேருக்கு நேர் நிற்கும் காட்சியில் அரங்கமே மூச்சடங்கிப்போனதை நான் பார்த்தேன். சரத்குமாரின் பெரிய பழுவேட்டரையர் அம்மாவின் மனத்தில் இருந்த உருவத்துக்கு மிக அருகில் இருந்ததாக அவரே சொன்னார். அது சாதாரணப் பாராட்டு அல்ல. வாராவாரம் பத்திரிகையிலிருந்து பிரித்துச் சேர்த்து, நூலால் தைத்து, மேலே பழுப்பு அட்டை போட்ட பைண்டில், தொடருக்குப் படம் வரைந்த மணியத்தின் ஓவியங்களைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர் அவர். 1958இலேயே எம்.ஜி.ஆர். இதைப் படமாக்க உரிமை வாங்கினார், அது நடக்கவில்லை. அதன்பின் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் சாப்பாட்டு நேரப் பேச்சில் இந்தக் கதைக்கு நடிகர் தேர்வு நடந்துகொண்டே இருந்தது. எங்கள் வீட்டிலும் நடந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்வையாளரின் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த படத்தோடு போட்டி போடுவது எந்த இயக்குநருக்கும் எளிதான காரியம் இல்லை.

அதே சமயம், படித்தவர்களின் வருத்தத்தையும் யாரும் வாயடைக்கக் கூடாது. "நாவல் வேறு, சினிமா வேறு" என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வேறுதான், யார் மறுத்தார்கள்? எதை மாற்றினார்கள், அதனால் கதையின் பொருள் எப்படி மாறியது என்று கேட்பதற்குக்கூடவா இடம் இல்லை? நாவலில் வரும் மணிமேகலை என்ற பெண்ணே படத்தில் இல்லை. சரி, நேரம் போதவில்லை என்று விட்டுவிடலாம். பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனின் மரணம் அப்படி அல்ல. சோழர் கால உடையார்குடிக் கல்வெட்டில் அவனைக் கொன்ற துரோகிகள் என்று சிலரின் பெயர்கள் இருந்தும், கடம்பூர் மாளிகையின் இருட்டில் அந்தக் கத்தியை ஏந்திய கை எது என்பதைக் கல்கி வேண்டுமென்றே தெளிவாக்காமல் விட்டார். அதைப் பற்றி வாசகர்கள் இன்றுவரை வழக்காடுகிறார்கள். திரையோ அந்தக் கணத்தை நம் கண்முன் நடத்திக் காட்டிவிட்டது. அம்மாவுக்கு அது பெரிய ஏமாற்றம். நாவலைப் படிக்காத என் தம்பி மகனுக்கோ இரண்டு பாகங்களிலும் மிகவும் பிடித்த காட்சி அதுதான். விக்ரமின் முகத்தைப் பற்றி வீடு வரும்வரை பேசிக்கொண்டே வந்தான். "புக்குல யாரு ஆயா கொன்னது?" என்று அவன் கேட்க, "கல்கி சொல்லலைடா" என்று அம்மா சொல்ல, "அது எப்படிச் சொல்லாம விடலாம்?" என்று அவன் உண்மையிலேயே கோபப்பட்டான். இருவருடைய உணர்ச்சியும் எனக்கு மெய்யாகவே பட்டது. அவன் ரசித்ததைக் குறைவாக எண்ண எனக்கு உரிமை கிடையாது.

இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28 அன்று வந்தது. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால், காசிமேட்டில் விசைப்படகுகள் எல்லாம் கரையோடு கட்டிக் கிடந்தன. அக்காவுக்கு மீண்டும் ஓய்வு. முதல் முறை பட்ட அவமானத்துக்குப் பின் வரமாட்டார் என்றே நினைத்தேன். வந்தார். அரங்கில் வாயே திறக்கவில்லை. படம் முடிந்து, இளவரசன் அருள்மொழி விட்டுக்கொடுத்த மணிமுடி, அரியணைக்கு ஆசைப்பட்ட மதுராந்தகனின் தலையில் ஏறி, விளக்குகள் போட்டு, கூட்டம் வெளியேறும்போது, படிக்கட்டில் நின்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏன் டீச்சரம்மா, அந்தப் படகுக்காரப் பொண்ணு இன்னா ஆனா? அத்த அப்டியே வுட்டுட்டாங்களே."

அம்மா அங்கேயே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு இறங்கிப்போனார்கள். "அதைத்தான் நானும் தேடினேன்" என்றார் அம்மா.

கோடிக்கரைக் கலங்கரை விளக்கத்தைக் காக்கும் தியாகவிடங்கரின் மகள் பூங்குழலி. கடலில் தனியே படகு செலுத்துகிறவள். சுழற்காற்றில் சிக்கிய வந்தியத்தேவனையும் அருள்மொழியையும் நடுக்கடலில் காப்பாற்றுகிறவள். நாவலில் அவளுக்கு ஒரு முடிவு உண்டு. அவள் அத்தை வாணி அம்மையின் வளர்ப்பில், தஞ்சையில் பூத்தொடுத்துக் கோயிலுக்குக் கொடுத்து வாழும் சேந்தன் அமுதன் அவளை நேசிக்கிறான். சோழ மன்னர் கண்டராதித்தருக்கும் அரசி செம்பியன் மாதேவிக்கும் பிறந்த மெய்யான மகன் அவன்தான் என்பது பிறகு தெரியவருகிறது. மதுராந்தகன் என்று அரண்மனையில் வளர்ந்தவன் வேறொருவன். அருள்மொழி விட்டுக்கொடுக்கும் மணிமுடி, அதற்காகச் சதி செய்தவனின் தலைக்குப் போகவில்லை, அதை ஒருநாளும் விரும்பாத பூக்காரனின் தலைக்குப் போகிறது. படகுக்காரப் பெண் சோழ நாட்டின் அரசியாகிறாள்.

படம் இந்த ஆள்மாறாட்டத்தை முழுவதும் எடுத்துவிட்டது. வரலாற்றில் உத்தம சோழன் என்று ஆண்ட மதுராந்தகன் ஒருவன்தான், ஆகவே படத்தின் முடிவே வரலாற்றுக்கு நெருக்கம் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் ஐந்தாம் பாகத்துக்குத் 'தியாக சிகரம்' என்று கல்கி பெயர் வைத்தபோது, யார் தியாகம் செய்தார் என்பதோடு யாருக்காகச் செய்தார் என்பதும் அவருக்கு முக்கியமாக இருந்தது. ஆசைப்பட்டவனுக்கே அரியணையைக் கொடுத்தால் அது பெருந்தன்மை, வீட்டுச் சண்டையைத் தீர்த்த கதை. கையில் நாரும் மடியில் பூவுமாக உட்கார்ந்திருந்தவனுக்கும், கடற்கரையில் பிறந்தவளுக்கும் கொடுத்தால் அது வேறு கதை. கடலை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைந்த இந்த வடசென்னையில் அந்த வேறுபாடு சிறியதாகப் படாது. கடலிலிருந்து எங்கோ தள்ளி உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது தெரியாமல் போகலாம். எங்கள் அக்காவுக்கு ஒரு பக்கம்கூடப் படிக்காமலே தெரிந்தது. எழுபது ஆண்டுக் கதையை மனப்பாடமாக வைத்திருக்கும் அம்மாவும், பெயர்களையே சரியாகப் பிடிக்க முடியாத அக்காவும் ஒரே இடத்தில், ஒரே குறையை உணர்ந்து நின்றதை என் கண்ணால் பார்த்தேன். பின்வரிசையில் இருந்து அதட்டியவரையும் அந்தப் படிக்கட்டில் நிறுத்தியிருக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

அன்றைக்கு வீடு வரும் வழியெல்லாம் அம்மா பூங்குழலியின் கதையைச் சொல்லி முடித்தார். மறுநாள் மாலை அக்கா வந்து திண்ணையில் உட்கார்ந்து, "மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார். சொல்வதற்குப் பதில் படிப்பதென்று அம்மா முடிவு செய்தார். ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சுற்றி இருந்து கேட்பது இந்தப் பகுதிக்குப் புதிதும் அல்ல. ஆலைத் தொழிலாளர்கள் நிறைந்திருந்த காலத்தில் படிப்பகங்களில் நாளிதழ்கள் அப்படித்தான் படிக்கப்பட்டன. பைண்டு நூல் அறுந்து தாள்கள் உதிர்வதால் அதைத் தொடவில்லை. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனபின் வந்த மலிவுப் பதிப்புகளில் ஒன்றை வைத்துக்கொண்டு, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு, அம்மா தொடங்கினார்.

முதல் பக்கத்திலேயே அக்கா நிறுத்தினார். "இது நம்ம மெட்ராசுக்குத் தண்ணி வர்ற வீராணமா?" அதேதான். 2004இலிருந்து குழாய் வழியே சென்னைக்கு வரும் ஏரி நீரைப் பற்றி அம்மா கால் மணி நேரம் பேசியதில் அன்றைக்கு ஓர் அத்தியாயம்கூட முடியவில்லை. இப்போது அக்கா தயங்குவதே இல்லை. கேட்கிறார், மறுக்கிறார், கரிகாலனைத் திட்டுகிறார். வழிப்போக்கனாக வந்த வந்தியத்தேவனைச் சேந்தன் அமுதன் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்ப் பசியாற்றும் இடத்தில், "ராஜா வூட்டுப் புள்ள பூ கட்டிக்கினு கீது பாரு" என்று சொல்லி, அம்மாவை அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கியதும் அவர் வருவது வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைந்தது. அப்படியும் ஐம்பத்தேழு அத்தியாயங்கள் கொண்ட முதல் பாகம் சென்ற வாரம் முடிந்துவிட்டது. இன்று மாலை, கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயத்தில் அம்மா அடையாளத்துக்கு ஒரு பேருந்துச் சீட்டைச் செருகி வைத்திருக்கிறார். அந்த அத்தியாயத்தின் தலைப்பு 'பூங்குழலி'. அதை அக்காவிடம் நாங்கள் யாரும் இன்னும் சொல்லவில்லை.