வெள்ளிக்கிழமையோடு நின்றுவிடுகிறோம்

பெரிய வெள்ளி வந்தால் சிங்கப்பூரில் ஒரு கூட்டம் மலேசியாவுக்குப் போக உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் நிற்கும், இன்னொரு கூட்டம் தேவாலயத்தில் நிற்கும். அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் முருக பக்தர், தைப்பூசத்துக்குத் தவறாமல் பால்குடம் எடுப்பவர். இந்த முறை நீண்ட வார இறுதிக்கு முந்தின நாள் என்னிடம் கேட்டார்: “ஏங்க, உங்க சாமி செத்த நாளுக்கு லீவு இருக்கு. எழுந்து வந்த நாளுக்கு ஒண்ணும் கிடையாதா?”

ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமைதானே வருகிறது, தனி விடுமுறை எதற்கு என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் ஒரு காலத்தில் இங்கே ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமையும் பொது விடுமுறைதான். 1968இல் விடுமுறை நாள்களைக் குறைத்தபோது அது போனது. தைப்பூசமும் அப்போதுதான் போனது. தைப்பூச விடுமுறையைத் திரும்பத் தரவேண்டும் என்ற பேச்சு இன்னும் அவ்வப்போது எழும். ஈஸ்டர் திங்களைக் கொடுங்கள் என்று ஒரு கிறிஸ்தவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. எங்களுக்கு வெள்ளி போதும். அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. கொஞ்சம் நீளும்.

நான் வளர்ந்தது மெதடிஸ்ட் சபையில். அம்மா வீட்டுப் பக்கம் கத்தோலிக்கர்கள், ஓஃபிர் ரோட்டு லூர்து மாதா கோயில்காரர்கள். அதனால் பெரிய வெள்ளியை இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கம் மதியம் 12 மணி முதல் 3 மணி வரை மும்மணி ஆராதனை. இயேசு சிலுவையில் பேசிய ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர் பிரசங்கம். (இந்த வழக்கத்தைத் தொடங்கியவர்கள் பெரு நாட்டின் லிமா நகரத்து இயேசு சபைக் குருக்கள் என்பார்கள், 17ஆம் நூற்றாண்டில். அது சுற்றிச் சுற்றி எங்கள் தமிழ் மெதடிஸ்டுகள் வரை வந்து சேர்ந்திருப்பது எனக்கு எப்போதுமே வேடிக்கை.) நான்காம் வார்த்தைக்கு வருகிறவர் நேரத்தை எல்லாம் தின்றுவிடுவார், ஏழாம் வார்த்தைக்காரர் பாவம், பசித்த சபைக்கு முன்னால் ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு இறங்குவார். வெள்ளைச் சேலைகள், கைக்குட்டைகள், அழுகை. கத்தோலிக்கப் பக்கம் சிலுவையை முத்தமிடுவார்கள். விக்டோரியா ஸ்திரீட் புனித சூசையப்பர் தேவாலயத்தில் மாலையில் இயேசுவின் சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கி, மெழுகுவத்தி வெளிச்சத்தில் சுற்றி எடுத்து வருவார்கள். கூட்டம் நிரம்பி வழியும்.

ஞாயிறு? விடியற்காலை ஆராதனைக்குப் பாதிப் பேர். அப்புறம் முட்டை, பிரியாணி, மதியத் தூக்கம்.

இதற்குக் காரணம் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. நாங்கள் கேட்டு வளர்ந்த பிரசங்கம் அப்படி. மனிதன் பாவம் செய்தான், கடன்பட்டான், கட்ட முடியவில்லை, இயேசு சிலுவையில் கட்டிவிட்டார். முடிந்தது. அந்தக் கணக்குப்படி எல்லா வேலையும் வெள்ளி பிற்பகல் 3 மணிக்கே தீர்ந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கையில் கொடுக்கிற ரசீதுதான். ரசீதுக்காக யார் விடியற்காலை எழுந்து வருவார்கள்?

கடன் விளக்கம் பொய் என்று சொல்ல வரவில்லை. அநேகரை மீட்கும் பொருளாகத் தம் உயிரைக் கொடுக்க வந்ததாக இயேசுவே சொன்னார் என்று மாற்கு எழுதுகிறார். ஆனால் இன்று எங்கள் காதில் விழும் முழு வரவுசெலவு விளக்கமும் பின்னால் உருவானது. 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் கேன்டர்பரி பேராயர் அன்செல்ம், கடவுளுக்கு மனிதன் செலுத்தத் தவறிய மரியாதையைக் கிறிஸ்து செலுத்தினார் என்று வாதிட்டார். புராட்டஸ்டன்ட் சீர்திருத்தக்காரர்கள் அதைத் தண்டனைக் கணக்காக மாற்றினார்கள். கிழக்குத் திருச்சபைகள் அந்த வழியில் அவ்வளவாகப் போகவே இல்லை. அவர்களுடைய ஈஸ்டர் படத்தைப் பாருங்கள்: உடைந்து கிடக்கும் பாதாளக் கதவுகள்மேல் கிறிஸ்து நிற்கிறார், ஆதாமையும் ஏவாளையும் மணிக்கட்டைப் பிடித்துக் கல்லறைக்குள்ளிருந்து இழுக்கிறார். கணக்குப் புத்தகம் எங்கும் இல்லை.

அப்போஸ்தலர் பவுலை எடுத்துக்கொண்டால் இன்னும் நேரடி. கொரிந்தியருக்கு அவர் முதல் கடிதம் எழுதியது ஏறக்குறைய கி.பி. 55இல், சிலுவை மரணம் நடந்து சுமார் 25 ஆண்டுக்குள். அதில் சொல்கிறார்: “கிறிஸ்து எழுந்திராவிட்டால், உங்கள் விசுவாசம் வீணாயிருக்கும்.” நீங்கள் இன்னும் பாவத்தில்தான் இருக்கிறீர்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறார். அதாவது ஞாயிறு இல்லையென்றால் வெள்ளிக்கிழமையால் ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் மும்மணி ஆராதனையில் இந்த வசனத்தை யாராவது வாசித்தால் சபை நெளியும்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று புரிய, சிலுவை என்றால் என்ன என்று பார்க்க வேண்டும். இப்போது அது தங்கச் சங்கிலியில் தொங்குகிறது. அன்றைக்கு அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் ரோமர்கள் வைத்திருந்த தண்டனை அது. ஆளைக் கொல்வதோடு, ஆடை களைந்து, போகிற வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கும்படி அவமானப்படுத்துவதுதான் நோக்கம். 1968இல், எங்கள் ஈஸ்டர் திங்கள் போன அதே ஆண்டில், எருசலேமின் வடபகுதியில் ஒரு கல்லறைக் குகையில் கல் எலும்புப் பெட்டி ஒன்று கிடைத்தது. உள்ளே ஒரு குதிகால் எலும்பு, அதில் ஆணி அப்படியே குத்தி நிற்கிறது. யோகனான் என்று பெட்டியில் பெயர் கீறியிருந்தது. முதல் நூற்றாண்டு ஆள். அவனையும் சிலுவையில் அறைந்திருக்கிறார்கள். அவன் சாவு யாரையும் இரட்சித்ததாக யாரும் சொல்லவில்லை. ரோமர்கள் ஆயிரக்கணக்கானவர்களை இப்படிக் கொன்றார்கள். ரோம ஆளுநர் பிலாத்து அன்று கையெழுத்துப் போட்டு அனுப்பியதும் அவனைப் பொறுத்தவரை வழக்கமான வேலைதான்.

ஆக, வெள்ளி மாலையில் நின்று பார்த்தால் ரோம் ஜெயித்துவிட்டது. சீடர்களும் அப்படித்தான் நினைத்தார்கள், ஓடிப்போனார்கள். அந்தச் சாவு ‘நமக்காக’ என்று அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான் புரிகிறது. அரசாங்கம், ஆலயத் தலைமை, ஊர் ஜனம் எல்லாரும் சேர்ந்து குற்றவாளி என்று தள்ளிய ஒருவரைக் கடவுள் எழுப்பினார் என்றால், தீர்ப்பு புரட்டப்பட்டது என்று அர்த்தம். இயேசு பாவிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டதும், தொழுநோயாளியைத் தொட்டதும், ‘மன்னிக்கப்பட்டது’ என்று சொன்னதும் சரிதான் என்று கடவுளே கையொப்பமிட்டது மாதிரி. மன்னிப்பு அங்கே நிலைக்கிறது. பவுல் சொல்வது இதைத்தான் என்று நான் படிக்கிறேன்.

இனி எனக்கு நிஜமாகவே முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எழுந்தது எது?

எங்கள் சாவு வீடுகளில், அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே போட்ட கூடாரத்தில், கடலைப் பொட்டலமும் குளிர்பானமும் வைத்த மேசைகளுக்கு நடுவில் எல்லாரும் சொல்வது ஒன்றே ஒன்று: “ஆத்துமா ஆண்டவர்கிட்ட போயிருச்சு. இது வெறும் கூடு.” ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் சரீரம் உயிர்த்தெழும் என்று வாய்விட்டுச் சொல்லுகிறவர்கள் இவர்கள்தான். ஆத்துமா மேலே போனதுதான் செய்தி என்றால் கல்லறை காலியாக இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. சுவிசேஷங்கள் பிடிவாதமாக உடலைப் பற்றியே பேசுகின்றன. சீடர்கள் ஆவி என்று பயந்தபோது அவர், “சாப்பிட ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டு மீன் வாங்கித் தின்கிறார். கரையில் கரி நெருப்புப் போட்டுக் காலைச் சாப்பாடு தயார் செய்கிறார். அதே சமயம் பழைய உடம்பு அப்படியே திரும்பியதும் இல்லை. மகதலேனா மரியாள் அவரைத் தோட்டக்காரர் என்று நினைக்கிறாள். எம்மாவு என்ற ஊருக்குப் போன இருவர் கூடவே நடந்தும் அடையாளம் தெரியாமல் இருந்தார்கள். இயேசு எழுப்பிய லாசருவும் எழுந்தான், ஆனால் அவன் மறுபடி சாக வேண்டியவன். இது வேறு மாதிரி.

நம்ப மறுத்த சீடர் தோமாவுக்கு எதைக் காட்டினார்? காயங்களை. சாவையே தாண்டி வந்த உடம்பில் ஆணித் தழும்பு எதற்கு? கடவுள் அதைத் துடைத்துவிட்டிருக்கலாமே. எனக்கு இந்த இடம் விளங்கியது ஒரு பிரசங்கத்தில் அல்ல, சுவா சூ காங் இடுகாட்டில்.

சிங்கப்பூரில் கல்லறைக்கு ஆயுள் 15 ஆண்டு, 1998இல் வந்த விதி. அப்புறம் தோண்டி எடுத்துவிடுவார்கள். கிறிஸ்தவர் என்றால் எஞ்சியதை எரித்து, அஸ்தியை மாடத்தில் வைக்கலாம். நிலம் இல்லாத ஊர், குறை சொல்ல ஒன்றுமில்லை. 1972இல் மூடிய பிடாடாரி இடுகாட்டையும் 2001 முதல் தோண்டியெடுத்தார்கள். இன்று அங்கே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகள், பூங்கா, கைவண்டியில் குழந்தைகள்.

பெரியப்பாவின் முறை வந்தபோது நாங்கள் நாலைந்து பேர் போய் நின்றோம். இரவு பெய்த மழையில் மண் மஞ்சளாகக் குழைந்து கிடந்தது. ஊழியர் ஒருவர் மண்வெட்டியோடு இறங்கினார், ஓர் ஆழத்துக்குப் பிறகு மண்வெட்டியை மேலே வைத்துவிட்டுக் கையாலேயே துழாவினார். எலும்புகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன, தேநீர் நிறத்தில். பெரியம்மா குடைக்குக் கீழே வாய் திறக்காமல் நின்றிருந்தார். தொடை எலும்பு வந்தது. அதில் ஒரு எஃகுத் தகடும் திருகாணிகளும். கப்பல் பட்டறையில் வேலை பார்த்தபோது சாரத்திலிருந்து விழுந்து, மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தாரே, அப்போது வைத்தது. அதைப் பார்த்ததும்தான் பெரியம்மா பேசினார். “இது அவருதான். இந்தக் காலுக்கு நான் எவ்வளவு எண்ணெய் தேய்ச்சிருக்கேன்.” இதைக் கூடு என்று அவரிடம் சொல்ல அங்கே யாருக்கும் வாய் வரவில்லை.

அந்த ஆணி குத்திய யோகனானின் வீட்டாரும் இதையேதான் செய்தார்கள். அடக்கம் செய்து ஏறக்குறைய ஓர் ஆண்டு கழித்து, சதை போனபின், எலும்புகளைப் பொறுக்கிக் கல் பெட்டியில் வைப்பது அந்தக் காலத்து எருசலேம் யூதர்களின் வழக்கம். எலும்பைக் கையில் எடுத்துப் பார்த்த ஜனங்கள்தான் ‘எழுந்தார்’ என்று சொன்னார்கள். சாவு என்றால் என்ன என்று தெரியாமல் சொன்ன பேச்சில்லை. மாற்கு சுவிசேஷத்தின் மிகப் பழைய பிரதிகள், கல்லறையைப் பார்த்த பெண்கள் பயந்து, ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஓடினார்கள் என்பதோடு முடிகின்றன. எனக்கு நம்பிக்கை தருவது அந்தப் பயம்.

எரித்துவிட்டால் எப்படி எழுவது என்று பெரியம்மா கேட்டார், எல்லாரும் கேட்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபை எரியூட்டலை 1963இல் அனுமதித்தது. 2016இல் அஸ்தியைத் தூவக் கூடாது, புனிதமான இடத்தில் வைக்க வேண்டும் என்று மறுபடி வலியுறுத்தியது. எங்கள் பக்கம் இவ்வளவு விதி இல்லை. ‘மரித்தோர் எப்படி எழுந்திருப்பார்கள்’ என்று கொரிந்துவில் கேட்டவனைப் பவுல் புத்தியீனன் என்கிறார். பெரியம்மாவிடம் நான் அப்படிச் சொல்லவில்லை, அடி விழும். உண்டாக்கினவருக்கு எலும்பும் சாம்பலும் ஒன்றுதான் பெரியம்மா என்றேன். ஆனால் அவர் கேட்ட கேள்வியே சரியான கேள்வி. அவருக்கு வேண்டியது ஏதோ ஓர் ஆத்துமா அல்ல, அந்தக் கால்.

உடம்பு கூடுதான் என்றால் சிலதை நாம் கண்டுகொள்ளாமல் விடலாம். 2020 குருத்தோலை ஞாயிறு, ஏப்ரல் 5. அன்றுதான் கொரோனாவுக்காக, கிட்டத்தட்ட 20,000 வெளிநாட்டு ஊழியர்கள் இருந்த இரண்டு தங்கும் விடுதிகளைத் தனிமைப்படுத்தும் இடங்களாக அறிவித்தார்கள். அடுத்த ஞாயிறு நாங்கள் வரவேற்பறையில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து ஈஸ்டர் ஆராதனை பார்த்தோம். விடுதியில் ஓர் அறைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். அவர்களில் நம் தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பிள்ளைகள் எத்தனை பேர். அந்த ஆண்டு முடிவதற்குள் விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்துபோயிருந்தது என்று அரசாங்கமே சொன்னது. சரீரம் எழும் என்று நம்புகிறவனுக்கு அந்த அறையின் அளவு, காற்று, கழிப்பறை வரிசை எல்லாம் விசுவாசப் பிரமாணத்துக்குள் வருகிற சங்கதி. சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்த சபைகளும் உண்டு, மறுக்கவில்லை. பொட்டலம் கொடுத்ததோடு நின்றுவிட்டோம் என்பது என் குறை.

இதற்கெல்லாம் நிரூபணம் என்ன என்று நண்பர்கள் கருத்துப் பகுதியில் கேட்பார்கள், தெரியும். ரோம வரலாற்றாசிரியர் தாசிட்டஸ், பிலாத்துவின் கீழ் கிறிஸ்து கொல்லப்பட்டதைச் சொல்கிறார். அது வெள்ளிக்கிழமைக்குச் சாட்சி. ஞாயிற்றுக்கிழமைக்கு இருப்பது பார்த்தோம் என்று சொன்னவர்களின் வார்த்தை. அந்தக் காலத்து வழக்கில் பெரிதாக மதிக்கப்படாத பெண்களின் வார்த்தை முதலில். நான் அதை நம்புகிறேன். நம்பாதவரோடு சண்டைக்கு வரவில்லை.

என் சண்டை எங்கள் ஆட்களோடு. போன மாதம் ஒரு சாவு வீடு. இருபது வயதுப் பையன். பாஸ்டர் வந்ததும் வராததுமாக அவன் அம்மாவிடம், “உயிர்த்தெழுதலின் நம்பிக்கை உள்ளவங்க அழக் கூடாதும்மா” என்றார். அந்த அம்மா வாயைச் சேலையால் பொத்திக்கொண்டார். யோவான் 11ஐப் பாஸ்டர் எத்தனை தடவை பிரசங்கித்திருப்பார்! இன்னும் கொஞ்ச நேரத்தில் லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே அந்தக் கல்லறைக்குப் போனவர் இயேசு. அவரே அங்கே நின்று அழுதிருக்கிறார். பாஸ்டருக்கு மட்டும் என்ன அவசரம்?