‘இரவுச் சூனியக்காரிகள்’ போர் விமானப் படையா?

இரண்டாம் உலகப் போரில் பறந்த சோவியத் பெண் விமானி லிதியா லித்வியாக்கின் படத்துடன் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: “இவர் ‘இரவுச் சூனியக்காரிகள்’ படையைச் சேர்ந்தவர், மரத்தாலான பழைய விமானத்தில் பறந்து ஜெர்மானியப் போர் விமானங்களை வீழ்த்தியவர்.” இது தவறு. இரண்டு படைப்பிரிவுகளின் வரலாற்றை ஒன்றாகக் குழப்பியிருக்கிறார்கள்.

1941 அக்டோபரில் பிறப்பிக்கப்பட்ட ஆணையின்படி சோவியத் ஒன்றியம் மூன்று மகளிர் விமானப் படைப்பிரிவுகளை அமைத்தது. ‘இரவுச் சூனியக்காரிகள்’ என்று ஜெர்மானியர் அழைத்தது அவற்றில் 588 என்ற எண் கொண்ட படைப்பிரிவை. போ-2 என்ற இரட்டை இறக்கை விமானத்தில் இரவில் குண்டு வீசிய பிரிவு அது. எதிரி விமானங்களை வீழ்த்துவது அதன் வேலையே அல்ல.

அந்த வேலை 586 என்ற எண் கொண்ட மகளிர் படைப்பிரிவுக்கு உரியது. லித்வியாக் தொடங்கியதும் அங்கேதான், யாக்-1 விமானத்தில். ஆனால் 1942 செப்டம்பரிலேயே ஸ்டாலின்கிராட் முனையில் ஆண்களே நிறைந்த பிரிவுக்கு மாற்றப்பட்டார். அவருடைய வெற்றிகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. 586-இன் உண்மையான சாதனையாளர்களை இந்தச் செய்தி மறந்தேவிடுகிறது: அதே செப்டம்பரில் சரத்தோவ் வானில் இரவில் ஜெர்மானிய யுங்கர்ஸ்-88 குண்டுவீச்சு விமானத்தை வீழ்த்திய வலேரியா கொம்யகோவா, 1943 மார்ச்சில் கஸ்தோர்னயா அருகே 42 ஜெர்மானிய விமானங்கள் கொண்ட கூட்டத்தை இருவராகவே எதிர்த்த தமாரா பம்யாத்னிக், ரயீசா சுர்னசேவ்ஸ்கயா.

ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ‘பாம்யாத் நரோதா’ இணைய ஆவணக் காப்பகத்தில் இதைச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கும் வந்தால் மேலே அனுப்பாதீர்கள்.