700 பேர் படிச்ச காலேஜும் 13 நாற்காலியும்

ரெண்டு மூணு நாளா அமெரிக்காவுல சரசோட்டாங்கிற ஊர்ல இருக்கிற நியூ காலேஜ் ஆஃப் ஃப்ளோரிடா பத்தித்தான் தேடித் தேடிப் படிச்சுட்டு இருக்கேன். 2023 வாக்குல 700 பேர் சுமாருக்குப் படிச்சுட்டு இருந்த குட்டி அரசுக் கல்லூரி, ஆனா அதுக்குப் போட்ட சட்டங்களைப் பார்த்தா தலை சுத்துது.

1960ல தனியார் காலேஜா ஆரம்பிச்சு, 1964ல முதல் பேட்ச் சேர்ந்துச்சு. அங்க மார்க்கே கிடையாது. இந்த செமஸ்டர் இதெல்லாம் படிக்கப்போறேன்னு பேராசிரியரோட ஒப்பந்தம் போட்டுக்கணும், கடைசில நீ எப்படிப் படிச்சேன்னு அவர் எழுதித் தருவார், அவ்ளோதான். அரியர் பயத்துலயே டிகிரி முடிச்ச எனக்கு இதெல்லாம் நம்பவே முடியல. ஆனா முதல் பேட்ச்ல படிச்சவர் யாருன்னா வில்லியம் தர்ஸ்டன், 1982ல கணிதத்துக்கு ஃபீல்ட்ஸ் மெடல் வாங்கினவர்!

1975ல கையில காசு இல்ல. அரசு எடுத்து சவுத் ஃப்ளோரிடா யுனிவர்சிட்டியோட சேர்த்துடுச்சு, ஆனா இவங்க முறைப்படி நடத்த ஆகிற கூடுதல் செலவை நன்கொடை வாங்கி இவங்களே பார்த்துக்கணும். கூட்டுக்குடும்பத்துல தனிச் சமையல் மாதிரி 26 வருஷம் ஓடுச்சு. 2001ல சட்டமன்றம் தனியாப் பிரிச்சு விட்டுச்சு, மாநிலத்தோட 11வது அரசுப் பல்கலைக்கழகம்னு அந்தஸ்து.

அந்த 2001ஐ எல்லாரும் விடுதலைன்னு கொண்டாடுறாங்க, எனக்கென்னவோ சிக்கல் அங்கதான் ஆரம்பிச்சதுன்னு தோணுது. தனியா வந்தா நிர்வாகத்துக்குத் தனி போர்டு வேணும்ல? இப்போ அதுல 13 பேர், கவர்னர் (அங்க அவர் நம்ம முதல்வர் மாதிரி, ஓட்டுல ஜெயிச்சு வர்றவர்) போடுறது 6, மாநில உயர்கல்வி வாரியம் போடுறது 5, ஆசிரியர் ஒருத்தர், மாணவர் ஒருத்தர். பெரிய யுனிவர்சிட்டிக்குள்ள ஒதுங்கிக் கிடந்த வரைக்கும் இவங்களுக்குன்னு புடிக்க ஒரு குடுமியே இல்ல. 2023 ஜனவரில கவர்னர் டிசாண்டிஸ் ஒரே நாள்ல 6 பேரை அறிவிச்சார், வாரியம் இன்னொருத்தரைப் போட்டுச்சு, 13ல 7 ஆச்சு, முடிஞ்சுது கதை. அந்த மாசமே காலேஜ் தலைவர் பேட்ரீஷியா ஓக்கரைத் தூக்கிட்டு, மாநில முன்னாள் சபாநாயகர் ரிச்சர்ட் கோர்கோரனை இடைக்காலத் தலைவரா கொண்டுவந்துட்டாங்க. மே மாசம், பன்முகத்தன்மைத் திட்டங்களுக்கு (இனம், பாலினம்னு பல தரப்பு ஆட்களுக்கும் இடம் கொடுக்கிற திட்டங்கள்) அரசுக் காலேஜ் எதுவும் காசு செலவழிக்கக் கூடாதுங்கிற சட்டத்துல கவர்னர் கையெழுத்துப் போட்டதும் இதே கேம்பஸ்ல வச்சுத்தான். ஆகஸ்ட்ல பாலின ஆய்வுப் பிரிவை (ஜெண்டர் ஸ்டடீஸ்) மூடுற வேலையை போர்டு ஆரம்பிச்சுது.

மக்கள் காசு, மக்கள் ஓட்டுப் போட்ட கவர்னர், அவர் ஆளைப் போட்டா என்ன தப்புன்னு கேட்பீங்க. பாதி நியாயம்தான். அட்மிஷன் குறைஞ்சுட்டு இருந்ததும் உண்மை, 2020லயே செலவு ஜாஸ்தின்னு இதை ஃப்ளோரிடா ஸ்டேட் யுனிவர்சிட்டியோட இணைக்க மசோதா வந்து, பழைய மாணவர்கள் எல்லாம் கூச்சல் போட்டு அது செத்துப்போச்சு. ஆனா காலேஜை மூடணும்னா சட்டமன்றத்துல எல்லாருக்கும் முன்னாடி பேசி ஓட்டெடுக்கணும், உள்ள இருக்கிறதை மாத்த 7 கை தூக்குனா போதுங்கிறதுதான் எனக்கு உறுத்துது.

சொல்ல மறந்துட்டேன், அந்தக் காலேஜோட சின்னம் ரொம்ப நாளா வெற்றுக்கணம். ஆமாங்க, ஸ்கூல்ல கணக்குல படிச்சோமே, உள்ள ஒண்ணுமே இல்லாத அடைப்புக்குறி, அதேதான். 2023ல அதையும் எடுத்துட்டு ஆலமரத்தை வச்சுட்டாங்க, கை மடக்கி புஜம் காட்டுற ஆலமரம்!