படகில் மோட்டார் சைக்கிளை ஏற்ற முடியாது

தம்பி, "காங்கேசன்துறையில் படகில் மோட்டார் சைக்கிளை ஏற்றி நாகப்பட்டினத்தில் இறக்கலாம், சர்வதேச லைசென்ஸ் மட்டும் போதும்" என்று நீங்கள் எழுதியது இரண்டு இடத்தில் பிழை. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பெடியள் பலர் இதை நம்பிக் காசு சேர்க்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

2023 ஒக்டோபரில் தொடங்கிய அந்தச் சேவை பயணிகளுக்கானது. ஆட்களும் பைகளும்தான் போகும், வாகனம் ஏற்றுவதில்லை. சைக்கிளைக் கொண்டுபோவதென்றால் கொழும்பிலிருந்து சரக்காக அனுப்ப வேண்டும்.

அடுத்தது லைசென்ஸ். அது ஓட்டுபவருக்கான கடதாசி. சைக்கிளுக்குக் 'கார்னே' என்ற சுங்கப் புத்தகம் தனியாக வேண்டும். வாகனத்தை அங்கே விற்காமல் திருப்பிக் கொண்டுவருவேன் என்பதற்கான பிணை அது. பணமும் கட்டி வைக்க வேண்டும். ஒவ்வொரு தாளிலும் மூன்று துண்டு இருக்கும்: நுழையும்போது ஒன்றைச் சுங்கத்தில் கிழித்து எடுப்பார்கள், வெளியேறும்போது இன்னொன்றை. முத்திரை விழுந்த அடித்துண்டு உங்களிடம் மிஞ்சும். வெளியேறும் முத்திரை இல்லாமல் வந்தால் பிணைப்பணம் சிக்கலில் மாட்டும். கார்னேயில் எழுதும் எஞ்சின் இலக்கம், சேஸி இலக்கம் வண்டியில் உள்ளதிலிருந்து ஒரு எழுத்துக்கூட மாறக்கூடாது.

லீசிங்கில் எடுத்த சைக்கிளா? அப்படியென்றால் வாகனப் புத்தகத்தில் முழு உரிமையாளர் நிதி நிறுவனம்தான், முதலில் அவர்களிடம் சம்மதக் கடிதம் கேளுங்கள்.

முதல் பயணத்துக்கு என் யோசனை, ஹெல்மெட்டோடு படகில் போய் அங்கேயே வாடகைக்கு எடுங்கள். கறுப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சட்டப்படி வாடகைக்கு விடும் வண்டிக்கு அதுதான் அடையாளம்.