காப்பர்-டி இதயத்துக்கு ஏறுவதில்லை

காப்பர்-டி என்பது கருத்தடைக்காகக் கருப்பைக்குள் பொருத்தப்படும் சிறு சாதனம்; அதன் நூல் கருப்பைவாய் வழியே வெளியே நீண்டிருக்கும். ‘நூல் கைக்குத் தட்டுப்படவில்லை என்றால் காப்பர்-டி இதயத்துக்கு ஏறிவிட்டது’ என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது.

பெரும்பாலும் நூல் கருப்பைவாய்க்குள் சுருண்டிருக்கும். சிலருக்கு, குறிப்பாக முதல் ஆண்டில், சாதனம் அவர்கள் அறியாமலே வெளியே விழுந்திருக்கலாம். கருப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றுக்குழிக்குள் செல்வது ஏறத்தாழ 1,000 பேரில் ஒருவருக்கு நேரும் அரிய சிக்கல். அப்போதும் பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியே செய்யும் அறுவை சிகிச்சை) மூலம் அதை எடுத்துவிடலாம். ஆகவே நூல் தென்படாதபோது முதலில் கர்ப்பப் பரிசோதனை, அடுத்து ஸ்கேன், கருப்பையில் காணாவிட்டால் வயிற்று எக்ஸ்ரே என்பதே மருத்துவர்கள் பின்பற்றும் வரிசை. சாதனம் இருக்குமிடம் உறுதியாகும்வரை ஆணுறை பயன்படுத்த வேண்டும்.

இச்செய்தியால் அஞ்சி, வீட்டிலேயே அதை இழுத்து எடுக்க எவரேனும் முயல்வார்களோ என்பதே என் பெருங்கவலை. கடும் அடிவயிற்று வலி, காய்ச்சல், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், மாதவிடாய் தள்ளிப்போதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் குடும்பக் கட்டுப்பாட்டுக் கையேட்டிலோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இவற்றைச் சரிபார்க்கலாம். அச்செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். உங்களுக்கு அனுப்பியவரிடமும் இதைத் தெரிவியுங்கள்.