உமி போட்ட மருமகன்

(நெல்லை டவுனில் ஓர் ஐஸ் கம்பெனி. தை மாதம், மாலை மணி ஏழு. கல்லாவில் மாமா, கழுத்தில் மப்ளர், காதில் பஞ்சு. வீடியோ காலில் கனடாவின் வினிபெக் நகரில் படிக்கிற மருமகன். அங்கே காலை ஏழரை.)

மருமகன்: மாமா, முகம் தெரிகிறதா?

மாமா: ஒரே இருட்டு. கரண்ட் கட்டாலே?

மருமகன்: (விளக்கைப் போட்டபடி) கரண்ட் எல்லாம் உண்டு, இன்னும் விடியவில்லை. எட்டேகாலுக்குத்தான் சூரியன் தலைகாட்டும். அது சரி, மப்ளர் எதற்கு?

மாமா: பனி மருமகனே, பனி! 25 டிகிரிக்கு இறங்கிவிட்டது. காது ஙொய்யென்கிறது. அங்கே எவ்வளவு?

மருமகன்: மைனஸ் 31.

மாமா: (சற்று நேரம் பேச்சில்லை) ஐஸ் உறையவைக்கிற நம் உப்புத் தண்ணித் தொட்டியே மைனஸ் 10-தானேலே! நீ கிளம்பும் முன்னால் அதன் பக்கத்தில் அரை மணி நேரம் உட்காரவைத்துப் பழக்கினேனே, உதவவில்லையா?

மருமகன்: அதில் பிடித்த ஜலதோஷம் என்னோடு விமானம் ஏறி வந்தது மாமா.

மாமா: சரி, இப்போ என்ன கஷ்டம்?

மருமகன்: நேற்று ஜன்னல் வழியாகப் பார்த்தால் பளீரென்று வெயில். மேகமே இல்லை. நம் ஊர்ப் புத்தி, வெறும் ஸ்வெட்டரோடு இறங்கிவிட்டேன். மூக்குக்குள் முடி உறைந்து முள்ளாய்க் குத்துகிறது! இங்கே மேகம் போட்டால்தான் கொஞ்சம் கதகதப்பாம். ராத்திரி வானம் வெளுத்துக் கிடந்தால் தரையின் சூடெல்லாம் மேலே போய்விடுமாம்.

மாமா: அப்போ அது டியூப்லைட் வெயில். வடகம் காயாது.

மருமகன்: கோட்டும் சூடு தரவில்லை.

மாமா: கோட் எப்படிலே சூடு தரும், உள்ளே அடுப்பா எரிகிறது? ஐஸ் கட்டிக்கு உமி கொட்டிச் சாக்குப் போட்டு மூடுகிறோமே, உமியா குளிர்ச்சி தருகிறது? உள்ளே இருப்பதை வெளியே விடாது, வெளியே இருப்பதை உள்ளே விடாது, அம்புட்டுத்தான். உமிக்கு நடுவே நிற்கிற காற்றுதான் வேலையாள். நீ இப்படி இறுக்கிப் பட்டன் போட்டால் காற்று எங்கே நிற்கும்?

மருமகன்: வாங்கும்போது தொளதொளவென்றுதான் இருந்தது.

மாமா: தெரிகிறது. கன்னமும் தெரிகிறது. உள்ளே என்ன போட்டிருக்கிறாய்?

மருமகன்: அம்மா வாங்கித் தந்த பருத்தி பனியன். மூன்று.

மாமா: நாசம்! பஸ்ஸுக்கு ஓடியிருப்பாயே, வேர்த்ததா?

மருமகன்: வேர்த்தது. அப்புறம் பஸ் ஸ்டாப்பில் கால் மணி நேரம் நின்றேன். முதுகில் பார் ஐஸ் ஒட்டவைத்த மாதிரி...

மாமா: நனைந்த உமி! இங்கே நனைந்த உமியைப் போடுகிறவனுக்கு அன்றைக்கே கணக்கு முடிப்பேன். வேர்வையைக் குடிக்காத பனியனாக உள்ளே போடு. மேலே கம்பளி. அதற்கு மேலே காற்றுப் புகாத கோட். கைக்கு?

மருமகன்: உறை இருக்கிறது, இருந்தும் விரல் மரத்துப்போகிறது.

மாமா: கட்டியைத் தனித்தனியே வைத்தால் கரையும், சேர்த்து அடுக்கினால் நிற்கும். நாலு விரலையும் ஏன் தனிக்குடித்தனம் வைத்தாய்? ஒரே வீட்டில் வை.

மருமகன்: கடைக்காரனும் அதைத்தான் சொன்னான். அதற்குப் பெயர் மிட்டன். இன்னொன்று மாமா, கதவுப் பிடியைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது.

மாமா: எர்த் போயிருக்கும். வீட்டுக்காரனிடம் சொல்.

மருமகன்: அது மரக்கதவு! வெளிக்காற்றைச் சூடாக்கி உள்ளே விட்டால் ஈரப்பசையே இருக்காது. காலுறையோடு கம்பளத்தில் நடந்தால் நமக்கே கரண்ட் ஏறிவிடுகிறது. உதடு வெடித்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவலாம் என்றால் பாட்டிலுக்குள் கல்லாய்க் கிடக்கிறது. அறை 21 டிகிரி, எண்ணெய் இளக 24 வேண்டும். அம்மாவிடம் சொன்னேன், கலப்படம் என்று செக்குக்காரரோடு சண்டைக்குப் போய்விட்டாள்.

மாமா: 24-ஆ? பார்த்தாயா! இன்னும் ஒரு டிகிரி இறங்கினால் இங்கேயும் உறையும். மப்ளரைக் கேலி செய்தாயே! சரி, குற்றாலத்துக்கு வாங்கின ஈரிழைத் துண்டு இருக்கிறதல்லவா, நனைத்து அறைக்குள்ளே காயப்போடு. ரோட்டில் வழுக்குமே, உப்புப் போடுகிறார்களா?

மருமகன்: போடுகிறார்கள். குளிர் ரொம்ப இறங்கினால் மணல்தான்.

மாமா: பின்னே? உப்புத் தண்ணி மைனஸ் 21 வரைதான் உறையாமல் தாக்குப்பிடிக்கும். (குரலில் தொழிற்பெருமை) அதெல்லாம் எங்களைக் கேட்க வேண்டும்.

மருமகன்: ஞாயிற்றுக்கிழமை ரெட் ஆற்றின் மேலே நடந்து போனோம் மாமா.

மாமா: பாலத்திலா?

மருமகன்: ஆற்றின் மேலேயே. முழுக்க ஐஸ். அசினிபோயின் ஆறு வந்து கலக்கிற இடத்தில் சனம் சறுக்கி விளையாடுகிறது.

(பின்னால் கம்ப்ரஸர் கடகடவென்று ஓடுகிறது. மாமா அதைத் திரும்பிப் பார்க்கிறார்.)

மாமா: குறுக்குத்துறையில் நம் தாமிரபரணி இருக்கிற அகலம் வருமா?

மருமகன்: கிட்டத்தட்ட வரும்.

மாமா: கரண்ட் பில்?

மருமகன்: கிடையாது.

மாமா: உமி?

மருமகன்: எதற்கு?

மாமா: (மப்ளரைக் கழற்றி முகத்தைத் துடைத்தபடி) மெதுவாகப் பேசுலே. வேலையாட்கள் காதில் விழப்போகிறது.