கைப்பேசி விழுந்த சந்து

பாப்பாவுக்கு அப்போது இருபத்தாறு நாள். விடியற்காலை மூன்று மணி இருக்கும். தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்த மனைவி, "என் ஃபோன் எங்கேயோ நழுவிடுச்சு, பாருங்க" என்றாள். தலையணைக்கு அடியில் இல்லை, போர்வைக்குள் இல்லை. வெளிச்சம் மட்டும் கட்டிலுக்குக் கீழேயிருந்து வந்தது. எங்கள் மெத்தைக்கும், அதை ஒட்டிப் போட்டிருந்த பாப்பாவின் கட்டிலுக்கும் நடுவே இருந்த சந்தில் விழுந்து டைல்ஸில் கிடந்தது. எடுக்கக் கையை விட்டேன். விரல் போனது, உள்ளங்கை போனது, முழங்கை வரை தடையில்லாமல் போனது.

ஃபோனை எடுத்துக் கொடுத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருடமாக க்யூசி (தரச் சோதனை) வேலை எனக்கு. அரை மில்லிமீட்டர் பிசகினால் ஒரு டிரே சாமானையே திருப்பி அனுப்புகிறவன். என் வீட்டில், என் பிள்ளை படுக்கும் இடத்தில், நான்கு விரல் அகலத்துக்குச் சந்து. அந்த அகலத்தில் கைக்குழந்தையின் உடம்பு இறங்கும், தலை இறங்காது. இதற்கு மேல் விவரிக்க எனக்கு மனசு வரவில்லை.

இந்த வாரம் இரண்டு நண்பர்கள் "பக்கத்துல போடுற கட்டில் எந்த பிராண்டு வாங்கினே?" என்று கேட்டார்கள். அதனால்தான் இந்தப் பதிவு. பிராண்டு சொல்ல மாட்டேன். உங்கள் கட்டில் தரையிலிருந்து எத்தனை செண்டிமீட்டர் உயரம் என்று முதலில் அளந்துகொண்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

நான் அளக்கவில்லை. பிள்ளை பிறக்கும் முன்னே தொட்டில் வாங்கி வைக்கக் கூடாது என்பது நம் வீட்டு வழக்கம். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது, ஆனால் அத்தை முகம் வாடுவதைப் பார்க்கவும் தைரியம் கிடையாது. மலேசியாவில் 2023 ஜனவரியிலிருந்து சட்டப்படி அம்மாவுக்கு 98 நாள் விடுப்பு, அப்பாவுக்கு 7 நாள். அந்த ஏழு நாளில் ஆஸ்பத்திரி, பிறப்புப் பத்திரம், பத்தியச் சாமான் என்று அலைந்து, ஐந்தாம் நாள் மாலை ஒரு கடைக்குள் நுழைந்து அரை மணி நேரத்தில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சாம்பல் நிறம், வலை வைத்த பக்கங்கள், சக்கரம், 429 வெள்ளி (ரிங்கிட்). கடைப் பையன் ஒரு பக்கத்தை முழுசாக இறக்கிக் காட்டி, "பாஸ், கையை நீட்டினா பாப்பா" என்றான். மயங்கிவிட்டேன். பெட்டிக்குள் கிடந்த இரண்டு வார்களை எங்கே கட்டுவது என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வளைகாப்புக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கும் டோர் கிஃப்ட் டப்பாவின் ரிப்பன் நிறத்துக்கு நாங்கள் இரண்டு மணி நேரம் சண்டை போட்டிருக்கிறோம் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

சந்து எப்படி வந்தது என்று மறுநாள் பார்த்தேன். எங்களுடையது கால் இல்லாத டிவான் கட்டில், அடியில் சின்னச் சின்ன உருளைகள். தரையோ வழுவழு டைல்ஸ். வாரை டிவான் ஓரத்தில் இருந்த துணிப் பிடியில் மாட்டி வைத்திருந்தேன். ஒரு இரவுக்கு ஆறு தடவை மனைவி எழுந்து உட்கார்ந்தால் ஆறு தடவையும் கட்டில் ஒரு மயிரிழை நகரும். மூன்று வாரத்தில் மயிரிழை நான்கு விரலானது. அந்த வார், மெத்தைக்கு அடியில் ஓடி, எதிர்ப்பக்கத்தில் போய்ப் பிடித்து, அங்கிருந்து இழுத்து இறுக்க வேண்டியதாம். கையேட்டில் படமே இருக்கிறது.

இப்போது உருளைகளுக்கு அடியில் ரப்பர் வைத்திருக்கிறேன். வாரை இறுக்கியபின் மெத்தை ஓரத்தில் என் முழு எடையோடு உட்கார்ந்து, எழுந்து, பத்துத் தடவை செய்துவிட்டுத்தான் கையை விட்டுப் பார்ப்பேன். கை போகக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. தினமும் படுக்கும் முன்னே பார்க்கிறேன். ஒரு நண்பர், "போர்வையைச் சுருட்டிச் சந்துல அடைச்சிடு" என்றார். அடைத்த போர்வை இரவில் நகரும், நகர்ந்து பாப்பா முகத்துக்குப் பக்கத்தில் வரும். ஒரு ஆபத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்த கதை.

அடுத்தது, கடைப் பையன் பெருமையாக இறக்கிக் காட்டிய அந்தப் பக்கம். முழுசாகத் திறந்து, நம் மெத்தையும் பாப்பா மெத்தையும் ஒரே தளமாக இருப்பதுதான் வசதி என்று நானும் நினைத்தேன். ஐரோப்பாவில் இந்த மாதிரிக் கட்டில்களுக்கு இ.என். 1130 என்று ஒரு தர விதி உண்டு. அதன் 2019 பதிப்பின்படி, பக்கத்தை இறக்கிய பிறகும் பாப்பாவின் மெத்தைக்கு மேலே குறைந்தது 12 செ.மீ. தடுப்பு நிற்க வேண்டும். பாப்பா உருண்டு நம் பக்கம் வந்துவிடாமல் இருக்க அது. அந்தத் தடுப்புக்கு மேலே நம் மெத்தை ஏறி நிற்கவும் கூடாது. ஏறி நின்றால் நம் போர்வையும் தலையணையும் பாப்பா பக்கம் சரியும். எங்கள் டிவான், ஸ்பிரிங் மெத்தை, அதன் மேல் டாப்பர் என்கிற மெல்லிய மேல்மெத்தை எல்லாம் சேர்த்து 64 செ.மீ. டாப்பரைச் சுருட்டி ஸ்டோர் ரூமில் வைத்த பிறகுதான் மட்டம் சரியானது. முதுகுவலி என் பங்கு.

கீழே தோத்தோ (மடக்கு மெத்தை) விரித்துப் படுக்கிற வீடாக இருந்தால் இந்த வகைக் கட்டிலையே விட்டுவிடுங்கள், பொருந்தாது. நான்கு பக்கமும் அடைத்த சாதாரணக் குழந்தைக் கட்டிலைக் கைக்கு எட்டுகிற தூரத்தில் போட்டால் போதும். வேண்டியது ஒரே அறை, தனிப் படுக்கை. முதல் ஆறு மாதமாவது அப்படி இருக்கட்டும் என்றுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2022இல் வெளியிட்ட வழிகாட்டியும் சொல்கிறது.

இனி அத்தை விஷயம். இது லேசில் முடிகிற விஷயம் இல்லை.

அத்தை நிபோங் தெபால் பக்கம் எஸ்டேட் தோட்டத்தில் வளர்ந்தவர். நான் கட்டிலைப் பூட்டிக்கொண்டிருந்தபோதே, "எதுக்கு தம்பி இந்தப் பெட்டி? ஒரு ஸ்பிரிங் வாங்கி சாரோங் கட்டினா பாப்பா நாலு மணி நேரம் தூங்கும்" என்றார். சாரோங் துணியை ஸ்பிரிங்கில் தொங்கவிட்ட தொட்டிலைச் சொல்கிறார். தூங்கும்தான். பாசார் மாலாமிலேயே (இரவுச் சந்தை) ஸ்பிரிங்கும் கம்பியும் கிடைக்கிறது, இப்போது மோட்டார் வைத்துத் தானாக ஆடுவதும் வந்துவிட்டது. நானும் சாரோங்கில் தூங்கியவன், என் மனைவியும் அப்படித்தான்.

"ஆயாக் கொட்டாயில வரிசையா தொங்கும் தம்பி, இருபது முப்பது புள்ளைங்க. ஒண்ணும் ஆகல."

ஆயாக் கொட்டாய் என்றால் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம். இதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு மூன்றாம் நாள் ஒரு கேள்வி கேட்டேன். "அத்தை, ஆயா என்ன பண்ணுவாங்க?"

"என்ன பண்ணுவாங்க, உக்காந்து புள்ளைங்கள பாத்துக்குவாங்க."

"தூங்குவாங்களா?"

"தூங்கினா கிராணி (தோட்டத்துக் கணக்கர்) சும்மா விடுவாரா?"

அங்கேதான் விஷயம் இருக்கிறது. தோட்டத்தில் அந்தத் துணித் தொட்டிலுக்குப் பக்கத்தில் கண் விழித்து ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். துணித் தொட்டிலில் குழந்தை வளைந்து படுக்கிறது. கழுத்து நிற்காத வயதில் தலை முன்னே சாய்ந்து தாடை நெஞ்சைத் தொட்டால் மூச்சுக்குழாய் மடங்கும். சத்தம் போட்டு அழக்கூட முடியாது. விழித்திருக்கிறவர் கண்ணில் அது படும். இரவு இரண்டு மணிக்கு, பத்தியச் சாப்பாடும் களைப்புமாக எல்லாரும் செத்ததுபோல் தூங்குகிற வீட்டில் யார் கண்ணில் படும்? மோட்டாருக்குக் கண் இல்லை. துணித் தொட்டில் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆளில்லாத துணித் தொட்டில்தான் எனக்குப் பயம்.

அத்தை ஒன்றும் பேசாமல் வெங்காயம் உரித்தார். சாரோங் பேச்சு அதோடு நின்றது. ஆனால் மறுநாளே தவ்கே (பச்சைப்பயறு) தோல் அடைத்த குட்டித் தலையணை ஒன்று பாப்பாவின் நெஞ்சின் மேல் வந்து உட்கார்ந்திருந்தது. தூக்கத்தில் திடுக்கிடாமல் இருக்கவாம். தலை உருண்டையாக வர கடுகுத் தலையணை, இரண்டு பக்கமும் குட்டி போல்ஸ்டர் (உருளைத் தலையணை), கட்டில் ஓரம் முழுக்கப் பஞ்சு வைத்த தடுப்பு (செட்டோடு இலவசமாகக் கொடுத்தார்கள்), சீர் வந்த யானை பொம்மை. பாப்பாவைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

என்னைக் காப்பாற்றியது வீட்டுக்கு வந்த கிளினிக் மிஸ்ஸி (நர்ஸ்). பாப்பாவை எடை போட்டுவிட்டுக் கட்டிலை எட்டிப் பார்த்தவர், ஒவ்வொன்றாக வெளியே எடுத்து எங்கள் மெத்தை மேல் அடுக்கினார். கடைசியில் உள்ளே இருந்தது இறுக்கமாக மாட்டிய ஒரு விரிப்பு மட்டும். "இனி கொசோங்" என்றார். காலியாக இருக்கட்டும் என்று அர்த்தம். நான் அத்தைக்கு மொழிபெயர்த்தேன். அத்தைக்கு என்னைவிட நன்றாக மலாய் வரும். அன்று மட்டும் ஒன்றும் புரியாதவர்போல் உட்கார்ந்திருந்தார்.

மிருதுவான எதிலும் முகம் புதைந்தால், இந்த வயதில் திருப்பிக்கொள்ளக் கழுத்தில் தெம்பு கிடையாது. விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும். மெத்தையைக் கையால் அழுத்தி எடுத்தால் குழி நிற்கக் கூடாது. ஓரத்தில் இரண்டு விரல் நுழைந்தால் மெத்தை சின்னது. நமக்கு "ஐயோ, பலகை மாதிரி இருக்கே" என்று தோன்றினால் அது சரியான மெத்தை. இலவம்பஞ்சு மெத்தையில் தாலாட்டி வளர்த்தவர்களுக்கு இதை ஏற்க மனசு வராது, எனக்குப் புரிகிறது.

மல்லாக்கப் படுக்க வைத்தால் கக்கினது தொண்டையில் அடைக்கும் என்பது அத்தையின் அடுத்த பயம். உண்மை தலைகீழ். மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கிறது. கக்கினது மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள் போவது கஷ்டம். குப்புறப் போட்டால்தான் அது நேராக அங்கே இறங்கும். பிரிட்டனில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும் "மல்லாக்கப் படுக்க வையுங்கள்" என்று நாடு முழுக்கப் பிரசாரம் செய்தார்கள். தூக்கத்தில் காரணம் தெரியாமல் குழந்தைகள் இறப்பது சில வருடங்களில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மருந்தில்லை, ஊசியில்லை, திருப்பிப் போட்டதுதான். இந்த ஆபத்து அதிகம் இருப்பது இரண்டிலிருந்து நான்கு மாத வயதில். அதாவது, "இனி பயமில்லை, பிள்ளை தேறிடுச்சு" என்று நாம் அசருகிற நேரத்தில்.

சில கட்டில்களில் தலைப்பக்கத்தை மட்டும் தூக்கி வைக்க வசதி இருக்கும். பால் கக்குகிற குழந்தைக்கு நல்லது என்று விளம்பரம். தொடாதீர்கள். சாய்வில் படுத்தால் தலை முன்னே விழும், சாரோங்கில் நடப்பதேதான். ஃபிஷர் பிரைஸ் கம்பெனியின் ராக் அண்ட் பிளே என்ற சாய்வுப் படுக்கையை 2019 ஏப்ரலில் திரும்பப் பெற்றார்கள். 4.7 மில்லியன் படுக்கைகள், அதற்குள் முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்திருந்தார்கள். 2022இல் அமெரிக்கா, பத்து டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கையையும், எனக்கு இலவசமாக வந்த அந்தப் பஞ்சுத் தடுப்பையும் சட்டம் போட்டே தடை செய்தது. இங்கே ஷாப்பி இணையக் கடையில் இப்போதும் பூப்போட்டு விற்கிறார்கள்.

கொசுவுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். டெங்கிப் பயம் இருக்கிற ஊரில் வலை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஜன்னலுக்கே வலை அடித்துவிட்டேன். கட்டிலுக்குப் போடுவதாக இருந்தால் வெளியே இழுத்துக் கட்டியதாக இருக்கட்டும், உள்ளே தொங்கக் கூடாது. புழுக்கத்துக்கு ஃபேன் போதும். வீட்டுக்குள் தொப்பி வேண்டாம். பாப்பாவின் பின்னங்கழுத்தைத் தொட்டு, வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள்.

இன்னொன்று, இது அப்பாமார்களுக்கு. "நீ தூங்கு, நான் பாத்துக்கிறேன்" என்று பாப்பாவை நெஞ்சில் போட்டுக்கொண்டு ஹால் சோஃபாவில் சாய்ந்தேன் ஒருநாள். பந்து விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. விழித்தபோது ஆட்டம் முடிந்து விளம்பரம் ஓடியது. சோஃபாவில் குழந்தையோடு தூங்குவது பெரிய கட்டிலில் சேர்ந்து தூங்குவதைவிடவும் மோசம், இடுக்கில் சரிந்துவிடும். என் மனைவிக்கு இன்றுவரை இது தெரியாது. இதைப் படித்தால் தெரியும்.

பழைய கட்டில் வாங்குகிறவர்களுக்கு: மரக் கம்பி வைத்ததாக இருந்தால் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே 6 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. குளிர்பான டின் நுழைந்தால் வேண்டாம் என்று ஒரு சுலபச் சோதனை சொல்வார்கள். அது பழைய கொழுத்த டின்னுக்கான கணக்கு, இப்போது வருகிற ஒல்லி டின் ஏமாற்றும். டேப் எடுத்துப் போங்கள். ஒரு பக்கம் மேலும் கீழும் சறுக்கி இறங்கும் பழைய மாடலை அமெரிக்காவில் 2011லேயே தடை செய்துவிட்டார்கள். அக்கா மகனுக்குப் போட்டது, தங்கச்சி மகளுக்குப் போட்டது என்று நம் வீடுகளில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை மட்டும் வாங்காதீர்கள். திருகாணி தொலைந்திருந்தால் ஹார்ட்வேர் கடைத் திருகாணி போட்டு ஒப்பேற்றவும் வேண்டாம்.

பாப்பாவுக்கு இப்போது ஐந்து மாதம். நேற்றுக் குப்புறக் கவிழ்ந்து இரண்டு கையையும் ஊன்றித் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துச் சிரித்தது. அத்தை திருஷ்டி கழித்தார். நான் கையேட்டைப் புரட்டினேன். கையையும் முழங்காலையும் ஊன்றி எழப் பார்த்தாலோ, எடை 9 கிலோ ஆனாலோ நிறுத்திவிட வேண்டும் என்று போட்டிருக்கிறது. எடை வரவில்லை, முழங்காலும் வரவில்லை, ஆனால் நான் காத்திருக்கப் போவதில்லை. உயரமான பக்கங்கள் உள்ள பெரிய கட்டில் சனிக்கிழமை வருகிறது. இந்த முறை முன்கூட்டியே அளந்தாகிவிட்டது.

வரும் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் கரும்புத் தொட்டில் நேர்ந்திருக்கிறோம். முன்பக்கம் நான், பின்பக்கம் மனைவி, நடுவில் சேலைக்குள் பாப்பா. அத்தை பக்கத்திலேயே நடந்து வந்து, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். "ஆயா வேலைதானே" என்றார்.

ஐந்து மாதம் பயன்படுத்திய பக்கக் கட்டிலை இலவசமாகத் தருகிறேன். ஜெலுத்தோங் வந்து எடுத்துக்கொள்ளலாம். திருகாணி பதினாறும் இரண்டு வாரும் கையேடும் ஒரே பையில் இருக்கின்றன, பஞ்சுத் தடுப்பைக் குப்பையில் போட்டாயிற்று. வேண்டியவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள், உங்கள் மெத்தையின் உயரத்தை டேப் வைத்து அளந்த படத்தோடு. படம் இல்லாமல் கேட்டால் பதில் போட மாட்டேன்.